பந்தியில் முகம் பார்க்கக் கூடாது

ஷாஹினாஸைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடிக்கவில்லை. நோன்பு வைத்த வாயால் யாரையும் திட்டக் கூடாது என்பதால் மனசுக்குள் மட்டும் திட்டிக்கொண்டேன். கெய்ரோவின் ஷுப்ராப் பேட்டையில், பாலத்துக்கு அடியில், நோன்பு மாதம் முழுக்க நாங்கள் போடும் பந்திக்கு அவள் மஞ்சள் சட்டைக் கூட்டம் ஒன்றோடு வந்து இறங்கினாள். நைலுக்கு அந்தப் பக்கம் ஏதோ கண்ணாடிக் கட்டடத்தில் 'உன்னை நீயே வளர்த்துக்கொள்' என்று வகுப்பு நடத்துகிறாளாம். அதில் தேற வேண்டுமானால் ஒரு மாலையாவது ஏழைகளுக்குப் பரிமாற வேண்டுமாம். பந்தியை நடத்தும் ஹாஜி முத்வல்லிக்கு ஆடு வாங்கிக் கொடுத்துவிட்டாள். அவர் வாயெல்லாம் பல்லாக அவர்களை உள்ளே விட்டுவிட்டார்.

“ஆன்ட்டி, அடுத்தவங்களுக்குக் கொடுக்கறவங்கதான் நிறைவா வாழறாங்க. உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது,” என்றாள் என்னிடம்.

“எனக்கு நிறைவா இருக்கறது ரத்தக் கொதிப்பும் முட்டி வலியும்தான். தள்ளி நில்லு, எண்ணெய் தெறிக்கும்.”

அவள் தள்ளி நின்றாள். ஆனால் கையில் இருந்த குச்சியின் முனையில் ஒரு கைபேசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அதை உள்ள வையி. இங்க படம் புடிக்கக் கூடாது. தட்டைப் பாரு, கையைப் பாரு, சோத்தை வையி, நகரு. முகத்தைப் பாக்காத.”

“முகத்தைப் பாக்காம எப்படி ஆன்ட்டி அன்பு காட்டறது?”

“அன்பு யாரு கேட்டா? சோறுதான் கேட்டாங்க.”

அவள் சிரித்தாள். இப்படிப்பட்டவர்களைத் திட்டினால்கூட அதையும் பாடமாக எடுத்துக்கொள்வார்கள், என்ன செய்ய.

அவளுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? எங்கள் பந்தியில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் ஷுப்ராக்காரர்களே இல்லை. நேற்று வரை நன்றாக வாழ்ந்தவன் சொந்தத் தெருப் பந்தியில் போய் உட்கார மாட்டான். ரயில் ஏறி, தன்னைத் தெரியாத பேட்டைக்குப் போய், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் போவான். ஷுப்ராக்காரன் ஹெல்வானுக்குப் போவான், ஹெல்வான்காரன் இங்கே வருவான். கெய்ரோவில் மானம் இப்படித்தான் ரயிலில் போய்வருகிறது.

நோன்பு திறக்கும் பாங்குக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. எல்லோரும் தட்டுக்கு முன்னால் காத்திருந்தார்கள். முலோகியாக் கீரை கொதித்துக்கொண்டிருந்தது, நெய்யில் பூண்டும் மல்லியும் சிவந்திருந்தன. அதைக் கீரையில் கொட்டும்போது 'ஹா' என்று மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், இல்லையென்றால் ருசி ஏறாது என்பது எங்கள் பெண்களின் சட்டம். வாணலியைத் தூக்கினேன். அப்போதுதான் கடைசி மேசையில், தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தேன். மூச்சு அங்கேயே போய்விட்டது.

ரிஃபாத். என் கணவர் சப்ரியின் தம்பி.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து மரச்சாமான் கடை வைத்திருந்தார்கள். சப்ரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவன் கடைப் பூட்டை மாற்றிக் கடையைத் தனதாக்கிக்கொண்டான். அதைக்கூட விடலாம். சப்ரி போனபிறகு தெருவில் துக்கப் பந்தல் போட்டோம். ஊரே வந்து உட்கார்ந்து எழுந்து போனது. தம்பிக்கென்று முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைத்தேன். அது கடைசிவரை காலியாகவே கிடந்தது. எங்களில் கொலைக்குக்கூடச் சமாதானம் உண்டு, துக்கத்துக்கு வராதவனுக்குக் கிடையாது. அந்த வீட்டையும் தெருவையும் விட்டு நான் ஷுப்ராவுக்கு வந்தது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தப் பந்திக்கா வந்திருப்பான்?

கடை நொடித்துப்போனதாகக் காற்றுவாக்கில் கேள்விப்பட்டிருந்தேன். அவன் மகள் நஜ்லாவுக்குப் பெரிய இடத்தில் நிச்சயமாகியிருப்பதும் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்குக் கடை போன விஷயம் தெரியாதாம்.

ஷாஹினாஸ் குச்சியோடு அந்தத் தூணை நோக்கி நடந்தாள்.

பொய் சொல்லமாட்டேன். போ, போ, போய்க் கேளு என்று என் மனசு கூத்தாடியது. நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம், விரலை அசைக்க வேண்டாம். இந்தப் படம் நாளைக்குள் ஊரெல்லாம் போய்விடும். ஓசிச் சோற்றுக்கு உட்கார்ந்த சம்பந்தியை மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள். இத்தனை வருஷம் தொழுகைப் பாயில் உட்கார்ந்து நான் கேட்டது இதுதானே?

“அங்கிள், கொஞ்சம் தலையை நிமித்துங்க. உங்க கதையைச் சொல்லுங்களேன், எங்க பிள்ளைங்க கத்துக்கட்டும்.”

அவன் நிமிரவில்லை. மேசையில் இருந்த கை மட்டும் மடங்கியது. வருஷக்கணக்கில் நான் பந்தியில் பழகியது கையைப் பார்ப்பதுதான், அதனால் அந்தக் கையைப் பார்த்தேன். குட்டைக் கட்டைவிரல், இழைப்புளி பிடித்துக் காய்த்த உள்ளங்கை. சப்ரியின் கை. ஆஸ்பத்திரியில் கடைசியாக நான் பிடித்திருந்தேனே, அதே கை. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது யார்மேல் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

“யோவ்!” என்று கத்தினேன். பந்தி முழுவதும் திரும்பியது. “தடிமாடு! நீ சாப்பிட வந்தியா, வேலை செய்ய வந்தியா? தண்ணிப் பானையை யாரு தூக்குவா, உங்கப்பனா? எந்திரிடா!”

ஷாஹினாஸ் திகைத்தாள். “ஆன்ட்டி, அவரு வந்து...”

“அவன் எங்காளு. வேலைன்னா தூணுக்குப் பின்னாடி ஒளியற சோம்பேறி. நீ இவன்கிட்டப் பாடம் கேட்டா உருப்பட்ட மாதிரிதான்.”

சமையலுக்குக் கட்டியிருந்த இடுப்புத் துணியை அவிழ்த்து அவன் முகத்தில் வீசினேன். அவன் என்னைப் பார்த்தான். அடையாளம் தெரிந்த அந்தக் கணத்தில் செத்தவன் முகம்போல அவன் முகம் வெளுத்தது. துணியைக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

அப்போது பாங்கு சொன்னார்கள். ஒரு பேரீச்சம்பழத்தை அவன் கையில் திணித்தேன். “வாயில போட்டுக்கிட்டுத் தூக்கு.”

அன்று மாலை அவனைப் படுத்தியதுபோல் நான் யாரையும் படுத்தியதில்லை. குனிந்தால் திட்டினேன், நிமிர்ந்தால் திட்டினேன். பூட்டை மாற்றியதற்கும் காலி நாற்காலிக்கும் சேர்த்துத் திட்டினேன், ஆனால் கேட்டவர்களுக்கு அது தண்ணீருக்கும் ரொட்டிக்குமான திட்டு. அவன் மேசை மேசையாகச் சுமந்தான். ஷாஹினாஸ் அதைத்தான் படம் பிடித்தாள், பிடிக்கட்டும்.

புறப்படும்போது என்னிடம் வந்தாள். “ஆன்ட்டி, நீங்க பெரிய மனசுக்காரங்க. அந்தக் கோபத்தை மட்டும் விட்டீங்கன்னா இன்னும் வளரலாம்.”

“இதுக்கு மேல வளந்தா வாசப்படி இடிக்கும். போய்ட்டு வா.”

பரிமாறுகிறவர்கள் கடைசியில்தான் சாப்பிடுவோம். அவன் ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். தட்டை டங்கென்று அவன் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றான். பசி அப்படி.

“முலோகியா சப்புன்னு இருக்கு,” என்றான் தட்டைப் பார்த்தபடியே. “மூச்சு இழுக்கலையா?”

“இழுத்தேன். உன் மூஞ்சியைப் பாத்து இழுத்துட்டேன். சட்டிக்கு மிச்சமில்ல.”

அவன் சிரிக்கவில்லை. “அந்தப் பொண்ணுகிட்ட என்னைய விட்டிருக்கலாம், அண்ணி. உங்களுக்கு மனசு ஆறியிருக்கும்.”

“நீ கூனிக்குறுகணும்னா என் முன்னாடி குறுகணும்டா. ஊரான் வீட்டுப் பொண்ணு யாரு அதைப் பாக்கறதுக்கு?”

ரொட்டி அவன் கையிலேயே நின்றது. “பந்தலுக்கு வந்தேன். தெரு முனை வரைக்கும் வந்தேன். உள்ள வரக் கால் வரல.”

“கால் வரலைன்னா தவழ்ந்து வந்திருக்கணும்.”

அவன் தட்டைக் கீழே வைத்தான். கையை அந்த இடுப்புத் துணியிலேயே துடைத்துக்கொண்டு எழுந்து, என் முன்னால் வந்து நேராக நின்றான். துக்க வீட்டில் எவனும் முதலில் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. அதைச் சொன்னான்.

“அண்ணன் விட்டுட்டுப் போன ஆயுசு உங்களுக்குச் சேரட்டும், அண்ணி.”

அதற்குப் பதில் 'உனக்கும் சேரட்டும்' என்று சொல்ல வேண்டும். பரம விரோதிக்கும் அதைச் சொல்லியாக வேண்டும். அவன் பதிலுக்காகக் காத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து அவன் பக்கம் தள்ளினேன்.

“உக்காருடா,” என்றேன். “நாளைக்கு அஸர் தொழுகை நேரத்துக்கே வந்துரு. வெங்காயம் உரிக்கணும்.”