வில்லின் உதை

மூன்றாவது மிதிக்கும் வில் உடையவில்லை. படிக்கட்டின் கடைசிப் படியில் அதைச் சாய்த்துவைத்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் தன் முழு எடையையும் குதிகாலில் ஏற்றி மிதித்தார். வில் கொஞ்சம் வளைந்தது, பிறகு அவர் காலையே தூக்கி எறிந்துவிட்டு நிமிர்ந்துகொண்டது. அவருடைய செருப்பு மட்டும் தனியாகப் பறந்துபோய், நிறுத்திவைத்திருந்த பைக்கின் சீட்டில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மாடியில் அக்கா கிடக்கும்போது எப்படிச் சிரிப்பார்கள்? அக்கா மட்டும் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

அக்காவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னவள் சத்தம் கேட்டுக் கையில் பஞ்சுச் சுருளோடு அப்படியே இறங்கி வந்தாள். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். வயது நாற்பத்தேழு, மருந்துக்கடையில் வேலை, ஆனாலும் சின்னவள்தான்.

"அண்ணா, அதைக் கீழ வை."

"வைக்க மாட்டேன். இது அவகூடவே நெருப்புல போகணும். ஆறடி நீளத்த ஏத்த முடியாதுன்னு சுடுகாட்டு வண்டிக்காரன் சொல்லிட்டான். அதான் ரெண்டாக்கறேன்."

"அக்கா அப்படிச் சொல்லிட்டுப் போனாளா?"

"அவளக் கொன்னதே இதுதான். அதுக்கு எதுக்கு அவ சொல்லணும்?"

குடியிருப்பின் பின்பக்கம், வண்டிகள் நிறுத்துகிற முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அக்கா ஓட்டிய பள்ளிக்கூட வேனும் அங்கேதான் நின்றது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். மீதிப் பேர் உட்கார்ந்த இடத்திலேயே கழுத்தை நீட்டினார்கள். சாவு வீட்டில் அண்ணன் தங்கை சண்டை என்றால் யாருக்குத்தான் காதைப் பொத்திக்கொள்ள மனசு வரும்?

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இந்த உலகத்தில் எது குலுங்கினாலும் அதற்கு ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்தைக் கவனிக்காமல் விட்ட ஆள் ஒருத்தரும் உண்டு என்று நம்புகிறவர். அக்காவின் இதயத்தில் தசை தளர்ந்துபோயிருக்கிறது, அலுங்காமல் குலுங்காமல் இருக்க வேண்டும் என்று மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் சொன்னபோது அவரும் கூட இருந்தார். வேன் ஓட்டுவதை அக்கா அன்றைக்கே விட்டுவிட்டாள். காலையில் மைதானத்துக்குப் போய் வில் பழகுவதை விடவில்லை.

"நிறுத்துன்னா உடனே நிறுத்தறதுக்கு நான் என்ன ஃபேனா?" என்று கேட்டாள். "உதை இருக்கக் கூடாது, அவ்வளவுதானே? உதையை எடுத்துடறேன்."

அம்பு கிளம்பிப் போன பிறகும் வில்லில் மிச்சமிருக்கிற வேகம் பிடித்த கையில் வந்து இடிக்கும். மைதானத்தில் அதற்கு உதை என்றுதான் பெயர். பழைய மாதிரி நெட்டை மரவில்லில் அது அதிகம். நல்ல உதை என்றால் முழங்கை வரை ஏறும், பல்லே கடகடக்கும். அக்கா அதோடு மல்லுக்கு நின்றாள். பால்கனியில் உட்கார்ந்து வில்லின் இரண்டு நுனிகளையும் கண்ணாடித் துண்டால் சீவிச் சீவி இளைக்க வைத்தாள். சீவச் சீவ இழுக்கிற பலமும் பாதியாகக் குறைந்தது. அதுவும் நல்லதற்குத்தான் என்றாள். சன்ன அம்புகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கனத்த முனை வைத்த தடித்த அம்புகளுக்கு மாறினாள். கடைசியில் கைதான் பாக்கி. முப்பது வருடம் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்த கை, தளர்வேனா என்றது. வில்லை இறுக்கினால் உதை அத்தனையும் எலும்புக்குப் போகும். சூடான டீ டம்ளரைப் பிடிக்கிற மாதிரி, பட்டும் படாமலும் பிடிக்க வேண்டும். அதற்கு மட்டும் அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

நேற்றுக் காலை ஏழரை மணிக்கு, மைதானத்தில், பன்னிரண்டு அம்பு விட்டாள். போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். சின்னவள் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டியபோது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

"கூட்டிட்டுப் போனது யாரு?" அண்ணன் இப்போது எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "ஸ்கூட்டர்ல பின்னாடி உக்கார வெச்சு, வில்லையும் கட்டி எடுத்துட்டுப் போனது யாரு? மருந்துக்கடையில வேலை. எந்த மாத்திரை எதுக்குன்னு ஊருக்கே சொல்றவ. கூடப் பொறந்தவளுக்கு எது ஆகாதுன்னு தெரியல."

"போதும் விடுங்க," என்றாள் அண்ணி. "அவள மேல வெச்சுக்கிட்டுக் கீழ என்ன பேச்சு இது?"

"சொல்லட்டும் அண்ணி. மனசுல வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாரு?"

தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் நேற்றிலிருந்து அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் பஞ்சர் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால் போதுமே, அது நேற்றாக இருந்திருந்தால். ராத்திரி முழுக்க இதையே திருப்பித் திருப்பிப் போட்டு அரைத்ததில் மண்டை வலித்தது.

"உங்க யாருக்கும் தெரியாது," என்றார் அண்ணன், நாற்காலிக்காரர்களிடம். "இது என்ன உதை உதைக்கும்னு நீங்களே பாருங்க."

வில்லில் நாண் பூட்டியபடியே இருந்தது. ஆம்புலன்ஸ் களேபரத்தில் நேற்றிலிருந்து அதைத் தளர்த்த யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் வில்லைத் தூக்கிப் பிடித்தார். குழாயை முறுக்குகிறவர் மாதிரி ஐந்து விரலும் வெளுக்க இறுக்கிப் பிடித்தார். நாணை மார்பு வரை இழுத்தார்.

"ஐயோ, விடாதீங்க!" என்று கத்தினார் தையல்காரர். அக்காவோடு மைதானத்தில் வில் பழகுகிறவர், அரைக்கண் மூடி ஓரமாக உட்கார்ந்திருந்தவர், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அம்பு இல்லாம விடக் கூடாது!"

அண்ணன் விட்டுவிட்டார்.

பலகையால் சுவரில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். வில் அவர் கையில் ஒரு துள்ளு துள்ளியது. அண்ணன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார். வில் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது.

"பாத்தீங்களா?" நிமிர்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வலியா, வேறெதுவுமா என்று பிரிக்க முடியவில்லை. "பாத்தீங்களா? எனக்கே இப்படின்னா, அந்த நெஞ்சு எப்படித் தாங்கும்?"

நாற்காலிகளில் தலைகள் ஆடின. "பாவம்," என்றாள் ஒரு பெண். "வேண்டாத வேலை," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சின்னவள் அந்த முகங்களைப் பார்த்தாள். ஆக, முடிந்தது. அத்தனை பேர் முன்னால் தீர்ப்பும் ஆகிவிட்டது.

அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் நல்ல நேரத்தில் வந்தது. தரையில் கிடந்த வில்லை எடுத்தாள். மடியில் கிடத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். பஞ்சுச் சுருளிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து, வில்லின் வெளிப்பக்கத்தில் மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரை மெல்ல ஓட்டினாள். எங்கேயாவது கண்ணுக்குத் தெரியாத சிராய் எழும்பியிருந்தால் பஞ்சின் இழை அதில் மாட்டும். மாட்டினால் அந்த வில்லின் கதை அவ்வளவுதான். தையல்காரர் பக்கத்தில் வந்து குந்திப் பார்த்தார். எல்லோரும் அந்தப் பஞ்சையே பார்த்தார்கள். இன்னொரு முறை ஓட்டினாள். உள்பக்கத்திலும் ஓட்டினாள்.

எதிலும் மாட்டவில்லை.

"உங்க அக்கா நல்லா சீவியிருக்காங்க," என்றார் தையல்காரர்.

"அண்ணா," என்றாள் சின்னவள். "நீ கயிறு கட்டாம லிஃப்டை மேலேருந்து விட்டுட்டு, லிஃப்ட் மோசம்னு சொல்லுவியா?"

அவர் செருப்பில்லாத காலைத் தரையில் தேய்த்தார்.

"அம்பு இல்லாம விட்டா அந்த வேகத்துக்குப் போக வேற எடம் ஏது? எல்லா அடியும் கைக்குத்தான் வரும். வெறும் வில்ல இழுத்து விட்டுட்டு அக்காவுக்கு இப்படித்தான் இருந்துதுன்னு சொல்ற. அவ ஒரு நாளாவது இப்படி விட்டிருப்பாளா?"

"அம்போட விட்டா மட்டும் உதைக்காதா?"

"நகரு."

சுவரோரமாகப் பழைய அட்டைப்பெட்டிகளை அமுக்கி, கயிறு போட்டுக் கட்டி, இடுப்பு உயரத்துக்கு அடுக்கிய கட்டு ஒன்று இருந்தது. மைதானத்துக்குப் போகாத நாட்களில் அக்காவுக்கு அதுதான் குறி. சின்னவள் அதன் பக்கத்தில் சாய்த்திருந்த அம்புக் கூட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். எட்டு அடி தள்ளி நின்றாள். மூன்று மாதமாக அக்கா பன்னிரண்டு விட்டால் இவள் ஆறு விடுவாள், அந்தப் பழக்கம்தான். இழுத்தாள். கையைத் தளர்த்தினாள். விட்டாள். அட்டைக் கட்டின் நடுவில் தொம்மென்று ஒரு சத்தம். வில்லைப் பிடித்திருந்த கை இருந்த இடத்திலேயே இருந்தது.

"பொணத்த வெச்சுக்கிட்டு..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"ஆமா, வெச்சுக்கிட்டுத்தான்," என்றாள் சின்னவள் திரும்பாமலே. "அவ இருந்தப்போதான் நிறுத்து நிறுத்துன்னீங்க. இப்பவுமா?"

அண்ணனுக்கு நேராக வந்து நின்றாள்.

"கேட்டியே, யாரு கூட்டிட்டுப் போனான்னு. நான்தான். தினமும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். அவ இப்ப எந்திரிச்சு வந்து, கெளம்பலாமான்னு கேட்டா, இந்த நிமிஷமே கூட்டிட்டுப் போவேன். அவ இதயம் தூங்கும்போதும் நிக்கலாம், நடக்கும்போதும் நிக்கலாம்னு டாக்டர் உன்கிட்டயும்தான் சொன்னாரு. அவ படுத்துக்கிட்டுக் காத்திருக்கல. நின்னுக்கிட்டு இருந்தா. அதுக்கு நான் கூட இருந்தேன். எனக்கு வெக்கமில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. ராத்திரி முழுக்க அரைத்தது எல்லாம் சட்டென்று நின்றது.

"நான் அவகிட்ட மூணு மாசமாப் பேசல," என்றார் அண்ணன். யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அவர் வாயால் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. "வில்லைத் தூக்கிப் போட்டாத்தான் வீட்டுப்படி ஏறுவேன்னு சொன்னேன். நல்லதுக்குத்தான சொன்னேன்?"

"தெரியும்."

"அப்புறம் யாரு மேலதான் தப்பு?"

"யாரு மேலயும் இல்ல அண்ணா. யாராவது இருந்தா உனக்குச் சுலபமா இருக்கும். எனக்கும்தான்."

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். அண்ணன் தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே அட்டைக் கட்டில் நின்ற அம்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தொழில்காரர் கண். எது ஆடுகிறது, எது ஆடவில்லை என்றுதான் அது பார்க்கும்.

"குடு," என்றார்.

"உடைக்கவா?"

"குடுன்னா குடேன்."

கொடுத்தாள். பைக்கின் மேலிருந்த செருப்பை அண்ணி எடுத்து வந்து காலடியில் போட்டாள். அவர் மாட்டிக்கொண்டார். தடித்த அம்பு ஒன்றைச் சின்னவளே நாணில் பொருத்தினாள். அவர் மறுபடியும் குழாயைப் பிடிப்பது போலவே பிடித்தார்.

"விரல விடு. இன்னும். டீ டம்ளர் மாதிரி."

"விழுந்துடுமே."

"விழாது. நீ இழுக்கும்போது அதுவே கைக்குள்ள வந்து ஒக்காந்துக்கும். முழங்கைய வெறைக்காத. லேசா மடக்கு."

ஒவ்வொரு விரலாக விட்டார். கட்டைவிரல்தான் கடைசி வரை அடம்பிடித்தது. இழுத்தார். விட்டார்.

அம்பு போய் அட்டைக் கட்டின் கீழ் மூலையில், விழட்டுமா வேண்டாமா என்பது போல் குத்தி நின்றது. வில் அவர் உள்ளங்கையில் ஒரு தரம் சிலிர்த்து அடங்கியது.

அண்ணன் நீட்டிய கையை மடக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அவளுக்கும் இவ்வளவுதான் இருந்துதா?"

"இதைவிடக் கம்மி. அவ உன்னைவிட நல்லா விடுவா."

தெருப்பக்கம் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவுகளைத் திறக்கிறார்கள். நாற்காலிகளை விட்டு எல்லோரும் எழுந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "வந்துட்டாங்க. தூக்கிடலாமா?" என்று அண்ணனிடம் மெதுவாகக் கேட்டார்.

"நிக்கச் சொல்லுங்க," என்றார் அண்ணன். அட்டைக் கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், வலது கையை மட்டும் சின்னவள் பக்கம் நீட்டினார். "இன்னொண்ணு எடு."