இரண்டாம் தொகுதிகள்

"கட்டிலுக்கு அடியில வேணாம்டி. உங்க மாமா யார் வீட்டுக்குப் போனாலும் முதல்ல குனிஞ்சு அடியிலதான் பார்ப்பார்."

"அப்போ அலமாரி மேல?"

"அண்ணாந்தும் பார்ப்பார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு மேலயும் கீழயும்தான் உலகம். பக்கத்துல நிக்கிற பொண்டாட்டிதான் கண்ணுல பட மாட்டா."

அக்கா சிரிக்காமல் சொன்னாள். நான் நெஞ்சோடு அணைத்திருந்த புத்தகங்களை அவளே வாங்கிக்கொண்டாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, துணி துவைக்கும் மெஷினின் மூடியைத் தூக்கி உள்ளே அடுக்கினாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே கரும்பச்சைத் துணி அட்டை, முதுகில் ஒரே பொன்னெழுத்து. ஏனென்றால் எல்லாம் ஒரே புத்தகம்.

பழைய ஆங்கிலக் கவிதைகளை யாரோ எப்போதோ மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். மெஷினுக்குள் போனவை அத்தனையும் இரண்டாம் தொகுதி. முதலாவதும் மூன்றாவதும் இன்றுவரை என் கைக்கு வரவில்லை.

முதல் பிரதி வந்தபோது நான் அக்கா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு ஊர் ஊராகப் போய்ப் பழைய கட்டடங்களின் லிஃப்டுகளைச் சரிபார்க்கும் வேலை. திரும்பி வரும்போது அவர் பையில் அக்காவுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் இருக்கும். அந்தத் தடவை ஒரு நடைபாதைக் கடையிலிருந்து இது வந்தது. அதுவரை மொழிபெயர்ப்பு நாவல்களின் பனிக்குள்ளும் ரயில் நிலையங்களுக்குள்ளும் திரிந்துகொண்டிருந்தவள் நான். அன்று ஒரு கவிதையைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்துவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் உட்கார்ந்திருந்தேன். "இதே மாதிரி கிடைச்சா விட்டுடாதீங்க மாமா" என்றேன்.

அவர் விடவில்லை. இதே மாதிரி என்றால் அச்சு அசலாக இதே மாதிரி. இரண்டாவது பிரதியை நீட்டிய அன்று அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் வாய் திறந்திருக்க மாட்டீர்கள்.

இப்போது நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். டயர் கடைக்கு மேலே இந்த வாடகை அறை. வேறு கவிதைப் புத்தகங்களை நானே தேடித் தேடி வாங்கி, சுவரோரம் ஒரு அலமாரி நிறைய வைத்திருக்கிறேன். மாமா முதன்முதலாக இன்றுதான் வருகிறார்.

"வரிசையா ஒரே புத்தகத்தைப் பார்த்தா மனுஷன் நொந்து போயிடுவார்டி. இத்தனை வருஷமும் வீணா சுமந்தோமேன்னு" என்றாள் அக்கா.

எனக்கும் அந்த ஒரு பயம்தான். அவர் கொண்டுவந்ததில் ஒன்றாவது எனக்கு மிகையாகிவிட்டது என்று அவர் நினைத்துவிடக் கூடாது.

மாமா மூச்சு வாங்க வந்து நின்றார். "லிஃப்ட் இல்லாத கட்டடமாப் பார்த்துக் குடிவந்திருக்கே. என் மேல என்ன கோபம் பொடிசு?"

அக்கா சொன்னபடியே கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். கதவின் கீல் கத்துகிறது என்றார். அப்புறம் அலமாரியிடம் போனார். பழுப்பு, சிவப்பு, நீலம் என்று புத்தகங்களின் முதுகில் அவர் விரல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போயிற்று. பிறகு அதே வழியில் மெதுவாகத் திரும்பி வந்தது.

"நிறைய சேர்த்துட்டே" என்றார். அவ்வளவுதான். தேநீரை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அவர் தந்ததில் ஒன்றைக்கூட அலமாரியில் விடாமல் ஒளித்து, ஒரு வலியைத் தவிர்க்கப் போய் இன்னொன்றைக் கொடுத்துவிட்டோம் என்று எனக்குப் புரிந்தது. அவரோ கைக்கு வேலை தேடுகிறவர்போல எழுந்து மெஷினைப் பிடித்து அசைத்தார். உள்ளே தொம்மென்று ஏதோ சரிந்தது.

"அதைத் தொடாதீங்க" என்றாள் அக்கா. அப்படிச் சொன்னால் அவர் திறக்காமல் இருப்பாரா?

உள்ளே குனிந்தவர் நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "பொடிசு, புத்தகத்தையா துவைக்கப் போட்டிருக்கே?"

ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். சட்டை நுனியால் துடைத்து மேசையில் வைத்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. "இது துறைமுகத்துல எடுத்தது. இது பழைய கோர்ட்டு வேலைக்குப் போனப்போ. நல்ல மழை, சட்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன். எல்லாம் பத்திரமா வச்சிருக்கே. இது லேசுல கிடைக்கிற சரக்கு இல்ல, தெரியுமா? கடைக்காரன் அத்தனை பேரும் ஏமாத்தத்தான் பார்ப்பான். முதுகுல ஒரு கோடு போட்டதைக் காட்டுவான். மூணு கோடு போட்டதைக் காட்டுவான். கோடு மாறினா மாடல் மாறிடும், பொருந்தாது. எனக்கா தெரியாது? எங்க பொண்ணுக்கு ரெண்டு கோடுதான்யான்னுட்டேன். ஒருத்தன் மூணையும் சேர்த்துக் கட்டியே வச்சிருந்தான். கட்டைப் பிரிச்சு நடுவுல இருந்ததை மட்டும் உருவிட்டு வந்தேன்."

அக்கா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணீர் வழிந்தது. "ஏங்க, அந்த ஒரு கோட்டையும் மூணு கோட்டையும்தாங்க இவ வருஷக்கணக்கா தேடிட்டிருக்கா."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு புத்தகத்தின் முதுகில் ரோமன் எண்ணாக நின்ற இரண்டு கோடுகளைப் பார்த்தார். "தொகுதி நம்பரா?"

"ஆமா மாமா."

"அப்போ முதல்ல கொண்டாந்த ஒண்ணு போதும். மத்ததெல்லாம்..."

"இல்ல மாமா" என்று துறைமுகத்துப் பிரதியை விரித்தேன். ஓரமெல்லாம் யாரோ பென்சிலில் பொடிப்பொடியாக அர்த்தம் எழுதியிருந்தார்கள். "அன்னிக்குப் பாதி புரியாம விட்டேனே, மீதியை இவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க." கோர்ட்டுப் பிரதியில் ஒரு கவிதையின் கடைசி வரிகளை மையால் அடித்து, பக்கத்தில் 'பொய்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "இந்த ஆளோட இன்னும் சண்டை ஓயல." இன்னொன்றில் ஒரே ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு 'டிக்'. அந்த வரியில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆயிற்று. பள்ளிக்கூட நூலகத்திலிருந்து கழித்துவிட்ட பிரதியில் ஒரு கவிஞரின் படத்துக்கு யாரோ முறுக்கு மீசை வைத்திருந்தார்கள்.

"மூணு தொகுதியும் ஒழுங்காக் கிடைச்சிருந்தா, இதை ஒரு வாட்டி படிச்சிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பேன் மாமா. இப்போ ஒவ்வொரு வாட்டியும் வேற ஒரு ஆளோட உட்கார்ந்து படிச்சிருக்கேன். எல்லாம் நீங்க கூட்டிட்டு வந்த ஆளுங்க."

மாமா மீசைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் வரைஞ்சிருக்கான்" என்றார் கடைசியில்.

ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். இப்போது அவர் பழைய மாமா. "வர்ற வாரம் அந்தக் கட்டுக்காரன் இருக்கிற பக்கம்தான் வேலை. ஒண்ணும் மூணும் அப்படியே கிடக்கும். நடுவுல இல்லாத செட்டை எவன் வாங்குவான்?"

"உருவினதே நீங்கதானே" என்றாள் அக்கா.

"அதான் தைரியமாச் சொல்றேன். ஆனா ஒண்ணு. சாம்பிள் கையில இல்லாம நான் பார்ட்ஸ் வாங்கப் போனதே இல்ல. அளவு, நிறம், எழுத்து எல்லாம் பக்கத்துல வச்சுப் பார்த்துத்தான் எடுப்பேன். சாம்பிள் அழுக்காகும், கிழியும், திரும்பி வருமான்னு சொல்ல முடியாது."

மேசை மேலிருந்த பச்சைப் புத்தகங்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் பரப்பி என் பக்கம் மெல்லத் தள்ளினார். அக்காவின் சிரிப்பு நின்றிருந்தது. அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

"இதுல உனக்கு வேண்டாதது ஒண்ணு எடுத்துக் குடு, பொடிசு."