ஒன்பதாவது ஆள்

அறைக்குள் எட்டுப் பேர் இருந்தார்கள். அவள் உள்ளே போகாமல் மாடிப்படி முடியும் இடத்தில் நின்று, கண்ணாடிக் கதவு வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது பேர் உள்ளே இருந்தால்தான் பொதுக்குழு செல்லும். அந்த விதியை எழுதியவளே அவள்தான். கணவனிடம் அடிவாங்கி ஓடிவரும் பெண்களுக்காக இல்லத்தைத் தொடங்கிய காலத்தில், நாலு பேர் கமுக்கமாகக் கூடி எதையும் முடிவு செய்துவிடக் கூடாது என்று வக்கீலோடு மல்லுக்கட்டி அதைச் சேர்த்தாள். தலைவர் பதவியிலிருந்து அவளைத் தூக்கியவர்கள், உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்க மறந்துவிட்டார்கள். அவளும் நினைவூட்டவில்லை. இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் சந்தாவைத் தவறாமல் கட்டிவந்தாள்.

இல்லம் நடக்கும் பழைய வீட்டை இந்த மாதத்தோடு காலி செய்ய வேண்டும். இன்று தீர்மானம் நிறைவேறாவிட்டால் புதிதாகப் பார்த்த வீட்டின் சொந்தக்காரர் குத்தகையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். பிறகு அந்தப் பெண்களும் பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கிளம்பி வந்த இடத்துக்கே.

இப்போதைய தலைவர் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவளுடைய சொந்தத் தங்கை.

"உள்ள வாக்கா. சும்மா உக்காந்தா போதும். ஓட்டுகூடப் போட வேணாம்."

"நாற்காலிய நிரப்ப ஆள் வேணும்னா வாட்ச்மேனக் கூப்பிடு."

"கிண்டல் பண்ற நேரமா இது?"

"என்னை வெளிய அனுப்புனப்ப மட்டும் நேரம் நல்லா இருந்துச்சா?"

துணி ஆலை முதலாளிதான் இல்லத்தின் பெரிய நன்கொடையாளர். அவருடைய ஆலை மேற்பார்வையாளன் தன் பெண்டாட்டியின் கையை முறித்தபோது, விஷயம் போலீசுக்குப் போகாமல் அவனைக் காப்பாற்றியவரும் அவரே. அப்போது தலைவராக இருந்த அவள் பத்திரிகையாளர்கள் முன்னால் அவர் பெயரைச் சொன்னாள். பணம் நின்றது, அவதூறு வழக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். அவளை நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தது தங்கை.

அவள் உள்ளே போனாள். வக்கீல் எழுந்து வரவேற்றார்.

"வாங்கம்மா. இப்பத்தான் எங்களுக்கு மூச்சே வந்துச்சு."

செயலாளர் வருகையைக் குறித்துக்கொண்டார். தங்கையின் தோள்கள் தளர்ந்தன. குத்தகைத் தீர்மானத்தைப் படிக்க அவள் வாயெடுத்ததும் அக்கா எழுந்து நின்றாள். சமையலறையில் தனியாக எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வார்த்தைகள் அவளிடம் தயாராக இருந்தன.

"அதுக்கு முன்னால ஒண்ணு. உடல்நலக் காரணத்தால விலகினேன்னு மினிட்ஸ் புக்ல எழுதியிருக்கீங்க. எனக்கு என்ன நோய்னு யாராவது சொல்லுங்க. இல்லைன்னா உண்மைய அதுல ஏத்துங்க."

வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, ஆலை முதலாளியோட சமரசமாப் போனப்ப இதைப் பத்தி வாயே திறக்க மாட்டோம்னு ஒத்துக்கிட்டோம். மினிட்ஸ்ல ஏறுச்சுன்னா திரும்பக் கேஸ். கையெழுத்துப் போட்டது உங்க தங்கச்சி. முதல் நோட்டீசே அவங்களுக்குத்தான்."

"தெரியும்."

"ஏத்தலன்னா?" என்றாள் தங்கை.

"நான் கிளம்புறேன். நீங்க எட்டுப் பேரும் காபியக் குடிச்சுட்டுக் கலைஞ்சு போங்க."

"பிள்ளைங்கள வச்சா பழி வாங்குவ?"

"அதே பிள்ளைங்களக் காட்டித்தானடி எனக்கு எதிரா ஓட்டு வாங்குன?"

தங்கை அழுவாள், கெஞ்சுவாள், வக்கீலின் முகத்தைப் பார்ப்பாள் என்றுதான் அவள் ஒவ்வொரு தடவையும் கற்பனை செய்திருந்தாள். தங்கை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"எழுதுங்க. உண்மையச் சொன்னதுக்காகத் தலைவர நீக்கினோம். நின்ன நன்கொடை திரும்ப வராதேங்கிற பயம்தான் காரணம். தீர்மானத்தக் கொண்டுவந்தது நான். என் பேரையும் போடுங்க."

"மேடம், யோசிச்சு..." என்று வக்கீல் எழப்பார்த்தார்.

"எழுதுங்க சார்."

பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. தங்கை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஈரமே இல்லை.

"உக்காருக்கா. குத்தகையப் படிக்கணும்."

கேட்டது கிடைத்துவிட்டது, கற்பனை செய்த அழுகைதான் கிடைக்கவில்லை. அவள் உட்காரவில்லை. நாற்காலியின் விளிம்பு முழங்காலின் பின்பக்கம் உறுத்திக்கொண்டிருந்தது. செயலாளரின் பேனா வரியின் கடைசிக்கு வந்து நின்றது. எட்டு முகங்களும் அவளை நோக்கி உயர்ந்திருந்தன. அவள் தங்கையின் கண்களை விட்டுப் பார்வையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.