மேட்டுக் கிளினிக்கில் ஆறு பேர்

வட்டார சுகாதார அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளியம்மா என்று பெயர். வேலை அப்படி. குளிர்காலம் வந்துவிட்டால், திங்கட்கிழமைதோறும் இருபத்து மூன்று கிளினிக்குகளுக்கும் போன் போட்டு, காய்ச்சல் எத்தனை பேருக்கு, மூச்சுத்திணறல் எத்தனை பேருக்கு என்று கேட்டுப் பெரிய தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பாள். அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை நர்ஸ், எத்தனை ஆக்சிஜன் சிலிண்டர் என்று அதிகாரி முடிவு செய்வார்.

"ஊரே இருமினாத்தான் உனக்குப் பொழுது போகும்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவளும் சிரித்துக்கொள்வாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமை மற்ற கோடுகளெல்லாம் மேலே ஏற, மேட்டுக் கிளினிக்கின் கோடு மட்டும் தலைகுப்புற விழுந்தது. போன வாரம் நாற்பத்தொரு பேர். இந்த வாரம் ஆறே பேர்.

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். "நல்லதாப் போச்சு. அங்க இருக்கற ரெண்டு சிலிண்டரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துடலாம். ஆர்டர் டைப் பண்ணிடுங்கம்மா."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. சுற்றிலும் எல்லாரும் சுருண்டு கிடக்க, மேட்டில் மட்டும் காய்ச்சல் எப்படி ஓயும்? மறுபடியும் மேட்டு நர்ஸுக்குப் போன் போட்டாள். நாலு வருஷமாகக் குரலில் மட்டும்தான் பழக்கம்.

"என்ன தங்கச்சி, ஆறுதானா? சரியாப் பாத்தியா?"

"ஆறுதான்க்கா. ஆளே வரலை. நான் உக்காந்து ஈ ஓட்டிட்டிருக்கேன்."

"காய்ச்சல் நின்னுடுச்சா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? இங்க எல்லாரும் கிளினிக்குக்கு வர்றது ஒரே பஸ்லதான்; போன செவ்வாய்க்கிழமையிலேருந்து அந்த பஸ்ஸே வரலையே."

"பஸ்ஸுக்கு என்ன வந்துச்சு?"

"பஸ் நல்லாத்தான் இருக்கு. டிரைவருக்குத்தான் காய்ச்சல். பதிலுக்கு வந்தவரும் ரெண்டே நாள்ல படுத்துட்டாராம்."

புள்ளியம்மா நேரே அதிகாரி அறைக்குப் போனாள். "சார், ஆறுங்கறது வந்து சேந்தவங்க. வர முடியாதவங்க வீட்டுல கிடக்கறாங்க."

அதிகாரி நல்லவர்தான்; ஆனால் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதென்றால் வேப்பங்காய். "அங்க சிலிண்டர் சும்மா நின்னா நான்ல பதில் சொல்லணும்?"

"நாளைக்கு ஒரு நாள் டாக்டரையும் வேனையும் குடுங்க சார். நானும் போறேன். நோயாளி இல்லைன்னா ஆர்டரை வந்து டைப் பண்றேன்."

மறுநாள் காலை வேன் மேடேறியது. கீச்சென்ற குரலை வைத்து, மேட்டு நர்ஸ் ஒல்லிப் பெண்ணாக இருப்பாள் என்று நினைத்திருந்தாள் புள்ளியம்மா. கிளினிக் வாசலில் நின்றதோ பாதித் தலை நரைத்த, ஆகிருதியான அம்மாள்.

"அடக் கடவுளே, உங்களையா இத்தனை நாளா தங்கச்சிங்கறேன்!"

"அப்படியே கூப்பிடுங்கக்கா. கேக்கறப்பெல்லாம் பத்து வயசு குறையுது."

யார் வீடு எந்தச் சந்தில் என்று மேட்டு நர்ஸுக்கு அத்துப்படி. மூவரும் கதவு கதவாகத் தட்டினார்கள். ஒரு வீட்டில் அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என ஐந்து பேரும் ஒரே அறையில் படுத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஐம்பத்தெட்டு பேர். அவர்களில் மூன்று பேருக்கு மூச்சு வாங்கியது. ஒருவர் பஸ் டிரைவர். வேனில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுவந்து ஆக்சிஜன் வைத்ததும், முகமூடியை விலக்கிக்கொண்டு, "பஸ்ஸை யாரு எடுக்கறா?" என்றார்.

"யாரும் எடுக்கலை, பேசாம படுங்க" என்று டாக்டர் அதட்டினார்.

மூன்று பேருக்கு இரண்டு சிலிண்டர். மாற்றி மாற்றி வைத்தார்கள். புள்ளியம்மா அங்கிருந்தே அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"இருக்கறதை எடுக்க வேணாம் சார். இன்னும் ரெண்டு வேணும்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "வண்டி கிளம்பிடும்மா. நீங்க முதல்ல ஏதாவது சாப்பிடுங்க."

ஒருவரையும் இழக்காமல் மேடு எழுந்து உட்கார்ந்தது. அடுத்த திங்கட்கிழமைக்கு முன்பே புள்ளியம்மா தன் தாளில் அளவுகோல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் போட்டாள்: பஸ் ஓடுகிறதா? அதிகாரி எட்டிப் பார்த்து, தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.