வீட்டில் இருப்பவர்களுக்காக

விக்டர் தன் மகளைப் பெயர் சொல்லி அழைத்து எழுபத்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. விஜிலா அதை எங்கும் குறித்து வைக்கவில்லை. காலையில் கண் விழிக்கும்போதே எண் வந்து நின்றது.

மூளையின் இடப்பக்கம் ரத்த ஓட்டம் நின்ற அன்று அவருடைய வலது கையும் பேச்சும் சேர்ந்தே போயின. முப்பது வருடம் தோணியைச் செலுத்தும் தண்டலாக இருந்து, கொழும்புக்கு வெங்காயமும் மாலத்தீவுக்குக் கல்லும் கொண்டுபோனவர். திரும்பி வரும் நாளில் தெருமுனையிலேயே "விஜிலா" என்று குரல் கொடுப்பார். அவள் பாதி எழுதிய வீட்டுப்பாடத்தைப் போட்டுவிட்டு ஓடுவாள். அந்தக் குரலை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்றுதான், பெங்களூரில் வேலை கிடைத்ததைப் பதினோரு நாளாக அவரிடம் சொல்லாமல் இருந்தாள். திங்கட்கிழமை சேர வேண்டும். அம்மா இசபெல்லாவுக்கு மட்டும் தெரியும்.

இப்போது வீட்டிலிருந்தே செய்யும் வேலை, படத்தைப் பார்த்துத் தோணியா விசைப்படகா என்று சொல்லக் கணினியைப் பழக்குவது. முதல் வாரம் அது தப்பே செய்யவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது படகையே பார்க்கவில்லை. தோணிகளைக் காலையிலும், விசைப்படகுகளைக் கரை திரும்பும் சாயங்காலத்திலும் படம் எடுத்திருந்தார்கள். அது வானத்தின் நிறத்தைப் படித்து வைத்திருந்தது.

அப்பாவுக்கு ஐம்பது பட அட்டைகள் செய்திருந்தாள். கரண்டி, சாவி, குடை என்று தினமும் அதே வரிசையில் எடுத்துக்கொடுத்து, நாற்பத்தொன்பதையும் அவர் தானாகச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். ஐம்பதாவது அவளுடைய புகைப்படம். அதில் மட்டும் நின்றுவிடுவார். தன் பெயரைத் தானே எடுத்துக்கொடுக்க அவளுக்குக் கூச்சம்.

இன்று அட்டைகள் கைதவறிக் கலைந்தன. அப்படியே காட்டினாள். நங்கூரத்தைப் பார்த்துக் "கரண்டி" என்றார். பசுவைப் பார்த்துச் "சாவி" என்றார். மடியில் கிடந்த துண்டுக்கு அடியில் இடது கை அசைந்தது. விலக்கினால் ஜெபமாலை. அட்டைக்கு ஒரு மணி உருட்டி, படத்தைப் பார்க்காமல் வரிசையைத்தான் சொல்லிவந்திருக்கிறார்.

"ஏளா, அவரு மால உருட்டுதாரு, நீ பாடம் எடுக்கேன்னு நெனச்சியாக்கும்" என்று அம்மா சிரித்தாள்.

விஜிலாவுக்கு முதலில் அந்த வானம்தான் நினைவுக்கு வந்தது. பிறகு அப்படி இல்லை என்று தோன்றியது. கணினியை அவள் வெறுமையிலிருந்து தொடங்கினாள். அப்பாவுக்குள் ஐம்பது வருடத்து ஜெபமாலை இருந்தது. கணினிக்குள் இருக்கும் நரம்பு வலையில் ஓர் அடுக்கை அணைத்துவிட்டுப் பழக்கினால், மிச்சமிருப்பவை அந்த வேலையை எடுத்துக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள். மிச்சமிருக்கும் வழியில்தான் எடுத்துக்கொள்ளும். இங்கே உடையாமல் மிஞ்சிய வழி இது.

அந்த வீட்டில் சாயங்கால ஜெபம் பெயர்களோடு முடியும். ஊரைவிட்டுப் போயிருப்பவர்கள் முதலில், வீட்டில் இருப்பவர்கள் பிறகு. தோணி ஏறும்போதெல்லாம் விக்டரின் பெயர் முன்னால் போகும், கரை வந்ததும் பின்னால் வரும். கரையில் இருக்கும் நாட்களில் பெயர்களை அவர்தான் சொல்வார்; படுத்ததிலிருந்து அம்மா சொல்லிவந்தாள். இன்று சொல்ல வேண்டாம் என்று விஜிலா அவளிடம் கேட்டுக்கொண்டாள்.

ஜெபமாலை முடிந்தது. விக்டரின் கட்டைவிரல் ஒரு மணியைத் தள்ளியது.

"தூரத்துல இருக்க... கிளைட்டனுக்காக."

கிளைட்டன் அவளுடைய அண்ணன், சரக்குக் கப்பலில் இருக்கிறான். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"வீட்டுல இருக்க இசபெல்லாவுக்காக."

மணி நகர்ந்தது.

"வீட்டுல இருக்க... விஜிலாவுக்காக."

கொஞ்சம் குழறியது. ஆனாலும் தெருமுனையில் கேட்ட அதே குரல். மன்றாடுவோம் என்று அவள் பதில் சொல்ல வேண்டும். அவர் மணியை விடாமல் காத்திருந்தார்.

"இனி என் பேர அண்ணன் பேரோட மொதல்ல சொல்லணும்ப்பா" என்றாள். "திங்கக்கிழம நான் பெங்களூருக்கு வேலைக்குப் போறேன்."