படத்துக்கு முந்தைய நாலடி

கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. இன்னும் அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று மச்சினர் காதுபடவே சொன்னார். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது, அவ்வளவுதான். கிள்ளினாலும் உறைக்காது.

அவருக்கு ஊரறிந்த கிறுக்கு ஒன்று உண்டு. பழைய சாமான் கடை, ஏலம், காலி செய்கிற வீடு என்று அலைந்து, சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத எட்டு மில்லிமீட்டர் பிலிமில் வந்த பழைய சிரிப்புப் படங்களை வாங்குவார். டப்பாவைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பார். புளிச்ச காடி வாடை வந்தால் பிலிம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஞாயிறு மாலை படம் காட்டும் மெஷினில் மாட்டிக் கூடத்துச் சுவரில் ஓட்டுவார். விளக்கை அணைத்ததும் மனைவி வந்து உட்காருவாள். படத்தின் பெயர் விழுந்ததும் எழுந்துவிடுவாள்.

"படம் இப்பதானே ஆரம்பிக்குது, உட்காரு" என்பார். உட்கார மாட்டாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று இவர் தன் பாட்டுக்கு மெஷினோடு மல்லுக்கட்டுவார்.

அவள் போனபின் அதுவும் ருசிக்கவில்லை. இருந்த பன்னிரண்டு சுருளையும், இதே கிறுக்குப் பிடித்த பல் டாக்டரிடம் தள்ளிவிட்டார்.

போன வாரம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, கல்யாணமான புதுசுல அம்மாவை நீங்களே பிடிச்ச படம் ஒண்ணு இருக்குமே. பசங்களுக்குக் காட்டணும்."

"இருக்கும்மா, எடுத்து வைக்கிறேன்."

அலமாரியைக் குடைந்ததில் டப்பா கிடைத்தது. மூடியின் உள்பக்கம் அவர் கையெழுத்திலேயே அவள் பெயர். உள்ளே விரல்நீளத் துண்டு ஒன்றுதான். கடையில் மூக்குக்கண்ணாடித் திருகாணி பார்க்கிற லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். ஒரு குடையின் ஓரம், பச்சை. வளையல் போட்ட ஒரு கை.

புரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் மெஷின் பிலிமின் முனையைக் கடித்துக் குதறும். அதனால் ஒன்றுக்கும் உதவாத பிலிமில் நாலடி வெட்டிப் படத்துக்கு முன்னால் ஒட்டுவார்கள். அதற்கென்றே யார் யாரோ வீட்டில் எடுத்த படங்களைக் கட்டுக் கட்டாக வாங்குவதுண்டு. மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கட்டோடு இந்த டப்பாவும் கலந்திருக்கிறது. எவர் வீட்டுக் குப்பையோ என்று பன்னிரண்டு துண்டாக வெட்டி ஒட்டிவிட்டார். ஓரத்துத் துளைகள் கிழியாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த மனிதர், படத்தில் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனார்.

"முன்னால நான் ஒட்டினதை வெட்டிட்டீங்களா?"

"நீங்க ஒட்டினதுல நான் கை வைப்பேனாண்ணே? எல்லாம் அப்படியே இருக்கு."

விஷயத்தைச் சொன்னார். டாக்டர் மெஷினைத் தூக்கி வைத்து முதல் சுருளை மாட்டினார். கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மெஷினுக்குப் பின்னால் நிற்காமல் அவர் படம் பார்ப்பது அதுவே முதல் தடவை.

சுவரில் அவள் வந்தாள். பச்சைக் குடையோடு படியிறங்கி நேரே இவரைப் பார்த்து நடந்தாள். போதும் என்று கையால் மறைத்தாள், விரலிடுக்கில் சிரித்தாள். பிலிமெல்லாம் கீறல். பத்து விநாடி இருக்கும். டாக்டர் குனிந்தபடி லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தார், இவர் வழக்கமாகச் செய்வதைப்போலவே.

கதவருகே நின்ற டாக்டரின் மனைவி சொன்னாள்: "இவங்க உங்க வீட்டம்மாவா? எல்லாப் படத்துக்கும் முன்னால வருவாங்களே. யாருன்னு கேட்டா இவர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார்."

படத்தின் பெயர் விழுந்தது. கண்ணாடிக்கடைக்காரர் தன்னையறியாமல் எழுந்து நின்றிருந்தார்.

"படம் இப்பதானே ஆரம்பிக்குது, உட்காருங்கண்ணே" என்றார் டாக்டர்.

அந்த வார்த்தையில் மரத்திருந்தது விட்டது. எட்டு மாத வலியும் ஒரே மூச்சில் வந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அவ இதைப் பார்க்கத்தான் வந்து உட்கார்ந்திருக்கா டாக்டர். ரெண்டு வருஷம். நான் வெட்டினதைப் பார்த்துட்டே இருந்திருக்கா. ஒரு வார்த்தை சொல்லல."

டாக்டர் மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தரியை எடுத்தார். "துண்டுகளை மட்டும் வெட்டித் தந்துடறேண்ணே. சேர்த்து ஒட்டிக்கலாம்."

"வெட்ட வேண்டாம்" என்றார் அவர், முகத்தைத் துடைக்காமலே. "அடுத்ததைப் போடுங்க."