ஐந்து வியாழன் தோற்றவன்

என்னைப் போல ஒரு மடையன் கரமனையில் இன்னொருவன் இருக்கமாட்டான். எழுபத்தொரு வயதில், விடை தெரிந்த புதிரில் வேண்டுமென்றே தோற்றுக்கொண்டிருந்தேன். அதுவும் ஐந்து வாரம்!

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மலையாளத்துப் பெண் ரெம்யா வாசகசாலையில் விளம்பரம் ஒட்டியிருந்தாள். மரத்துண்டுகளை அட்டையிலுள்ள படம்போல் அடுக்க வேண்டும். எளிய படத்துக்கு இருபது ரூபாய், கஷ்டமானதற்கு ஐந்நூறு. கஷ்டமான படம் வராதவர்கள் அடுத்த வியாழன் மறுபடி வரலாம், பரிசும் ஏறும். வந்துவிட்டால் அன்றோடு சரி. காசு கூடக் கூட மனுஷனுக்கு மூளையும் கூடுமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

முதல் நாளே எனக்கு விடை தெரிந்துவிட்டது. கடைசித் துண்டைக் கையில் எடுத்தபோது அவள் கேட்டாள்.

“நாகேஸ்வரன் அங்கிள், காப்பி குடிச்சிட்டுதானே வந்தீங்க?”

என் மனைவி மங்கலம் போய் மூன்று வருஷம். அப்புறம் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. துண்டைத் தலைகீழாக வைத்தேன்.

அதன்பின் வியாழன்தோறும் சவரம், இஸ்திரி போட்ட சட்டை, பல்கலைக்கழகத்துக்கு பஸ். மற்ற ஆறு நாளும் சுவரோடுதான் பேச்சு. பரிசு ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறிற்று. நான் அசரவில்லை.

ஆறாவது வியாழன் ரெம்யாவின் முகம் வாடிக்கிடந்தது.

“என்ன கொழந்தே, ஒடம்புக்கு ஆகலையா?”

“மத்தவங்க எல்லாரும் முடிச்சாச்சு அங்கிள், நீங்க ஒராளாக்கும் பாக்கி. இண்ணைக்கும் உங்களுக்குப் படம் வரல்லைன்னா இன்னும் ஒரு மாசம் நீட்டணும்னு கைடு சொல்றாரு. பெங்களூர்ல கிடைச்ச ஜோலி கையை விட்டுப் போயிரும், கேட்டோ.”

ஒரு மாசம் என்றால் இன்னும் நாலு வியாழன்! சத்தியமாகச் சொல்கிறேன், மனசு துள்ளியது. வெட்கங்கெட்ட மனசு. அவள் கண்ணில் நீர் கோத்திருப்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

இரண்டே நிமிஷத்தில் அடுக்கி முடித்தேன்.

“அய்யோ அங்கிள்!” என்று கைதட்டினாள். “ஐயாயிரம்னதும் எப்படி வந்துது பாத்தீங்களா!”

“பின்னே? பணம்னா பொணமும் வாயைத் தொறக்குமே” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசியாக ஒரு தாள் நீட்டினாள். இதைச் செய்ய உங்களைத் தூண்டியது எது? பணம், ஆர்வம், சவால் என்று மூன்றே கட்டங்கள். பணத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அடுத்த வியாழன், பழக்க தோஷம், சவரம் செய்து சட்டையும் மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது.

“காப்பி குடிச்சாச்சு” என்றேன், யாரும் கேட்காமலே.